புத்தகத்தில் வைத்த விரல்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். விடுதிச் சாப்பாடு வாய்க்குப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். பிடிக்காவிட்டாலும் வயிற்றைக் காயப்போடாதே. டீச்சர் பயிற்சி என்றால் நாள் முழுக்க நிற்க வேண்டுமே. இங்கே எல்லாரும் நலம். உன் வீட்டுக்காரர் பாப்பாவுக்குச் சடை பின்னக் கற்றுக்கொண்டுவிட்டார். ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கழுத்துக்குக் கீழே என்று பின்னி அனுப்புகிறார். வகுப்பில் நான் அவிழ்த்துத் திரும்பப் பின்னுகிறேன். அவரிடம் சொல்லிவிடாதே, மனுஷன் ரொம்பப் பெருமையாக இருக்கிறார்.

நம் மழலையர் வகுப்பு ஸ்மார்ட் போர்டைப் பெரிய மேடம் வருகிறவர்களுக்கெல்லாம் புது மாப்பிள்ளையைக் காட்டுவது போலக் காட்டுகிறார். போகும் முன் படப்புத்தகம் முழுவதையும் உன் குரலில் பதிந்து கொடுத்தாயே, அதுதான் தினமும் ஓடுகிறது. போர்டில் படம் வருகிறது, பிள்ளைகள் அதே பக்கத்தைக் கையில் விரித்து வைத்திருக்கிறார்கள். "வாத்து எங்க இருக்கு, விரலை வைங்க பாப்போம்" என்கிறாய். கொஞ்சம் பொறுத்து, "கெட்டிக்காரங்க, இப்ப பக்கத்தைத் திருப்புங்க" என்கிறாய். எல்லாரும் ஒன்றாகத் திருப்புகிற சத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ அழுதால் நான் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். "பாப்பா போனுக்கே வர மாட்டேங்கிறா, என்னை மறந்துட்டாளா அக்கா" என்று கேட்டிருந்தாய். அவள் மறக்கவில்லை. அவளைப் போனுக்கு வரவிடாமல் செய்தவள் நான்தான்.

நீ கிளம்பிப் போன மறுநாள் உன் முட்டைக்கண்ணி மகள் வகுப்பு வாசலில் உட்கார்ந்து அழுத அழுகையை உனக்கு நான் எழுதவில்லை. தூக்கப் போனால் உதைத்தாள். அவளைப் பார்த்து மற்றதுகளும் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போர்டைப் போட்டேன். உன் குரல் வந்ததும் அழுகை நின்றது. "அம்மா இங்கதானே இருக்காங்க, உன்னையேதான் பாத்துக்கிட்டு இருக்காங்க, சமத்தா புத்தகத்தை எடு" என்று சொல்லிவிட்டேன். அப்போதைக்கு வாயில் வந்தது அது. மறுநாளும் அதையே சொன்னேன். பிறகு சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அவளாகவே போர்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, உனக்குக் காலை வணக்கம் சொன்னாள். அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் கூசுகிறது.

வீட்டில் நீ கூப்பிட்டால், "அது அம்மா இல்ல, அம்மா ஸ்கூல்ல இருக்காங்க" என்று ஓடிவிடுகிறாளாம். உன் வீட்டுக்காரர் உன்னிடம் "விளையாடப் போயிட்டா" என்று சமாளித்திருக்கிறார். போன வாரம் என்னிடம் வந்து, ஸ்கூலில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தெரியாது என்று சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

நேற்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். போர்டில் நீ வாத்து எங்கே என்று கேட்டாய். அவள் பூனைமேல் விரலை வைத்துவிட்டுப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ "கெட்டிக்காரங்க" என்றாய். அடுத்த பக்கத்துக்குப் புத்தகத்தையே மூடிவிட்டு வெறும் மேசைமேல் விரலை வைத்தாள். அதற்கும் "கெட்டிக்காரங்க". போர்டைத் தொட்டால் சரியா தப்பா என்று அது சொல்லும். புத்தகத்தில் வைத்த விரல் அதற்கு எப்படித் தெரியும்? அதைப் பார்க்கத்தானே டீச்சர் என்று ஒருத்தி இருக்கிறாள். நீ இருந்தவரை வரிசை வரிசையாகப் போய்க் குனிந்து பார்த்தாய். நான் போர்டை ஓடவிட்டு, மேசையில் உட்கார்ந்து வருகைப் பதிவு போட்டுக்கொண்டிருந்தேன்.

எழுந்து வந்து என் முழங்கையைத் தொட்டாள். "மிஸ், அம்மா பாக்கவே இல்ல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன்.

இந்த முறை பொய் சொல்ல வாய் வரவில்லை. அது அம்மா முன்னாடியே பேசி வைத்தது, அம்மா தூரத்தில் படிக்கிறார்கள், போனில் வருவதுதான் நிஜமாகப் பேசுகிற அம்மா என்று சொன்னேன். நம்பினாளோ என்னவோ. "போன்ல அம்மா பாப்பாங்களா" என்று மட்டும் கேட்டாள். பார்ப்பாங்க என்றேன். உன்னைக் கேட்காமல் உன் பெயரில் இன்னொரு வாக்கும் கொடுத்துவிட்டேன்.

இன்று போர்டில் படத்தை மட்டும் போட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, நானே கேட்டு நானே வரிசையில் நடந்தேன். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. பிள்ளைகள் பாதிப் பேர் வேறு பக்கத்தில் இருக்கிறார்கள். இத்தனை நாளும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். உன் மகள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

நீ தயங்கியபோது, "போயிட்டு வா, புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று உன்னைப் பிடித்துத் தள்ளியவளும் நான்தான். பார்த்துக்கொண்ட லட்சணம் இது. உனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் தகும். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை, இருந்தாலும் கேட்கிறேன். ஆனால் இதனால் படிப்பை விட்டுவிட்டு ஓடி வந்துவிடாதே. நீ நல்லபடியாக முடித்து, சுகமாகத் திரும்ப வேண்டும்.

இத்துடன் அதே படப்புத்தகம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். அவளுக்கும் ஒன்றை வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். கிடைத்ததும் வீடியோவில் கூப்பிடு. சாப்பிட்டாயா, அம்மாவைத் தேடினாயா என்றெல்லாம் கேட்காதே. எடுத்ததும் புத்தகத்தைத் திறக்கச் சொல்லி, எது எங்கே என்று கேள். தப்பாகத்தான் வைப்பாள், தெரிந்தே வைப்பாள். பாவம், குழந்தைதானே என்று விட்டுவிடாதே தங்கச்சி. அவள் விரலை நன்றாகப் பார்த்து, தப்பு என்று சொல்லு.

உன் கோபத்துக்குக் காத்திருக்கும்
அக்கா