நைதரசனின் மூன்றாவது பெட்டி

போன கிழமை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது நீ வந்து நின்றாய். ஒரு பிள்ளை நைதரசன் அணுவின் இலத்திரன்களை வரைந்திருந்தாள். கருவுக்குக் கிட்டவுள்ள சக்தி மட்டத்தில் இரண்டு, அடுத்ததில் ஐந்து. அதுவரை சரி. அந்த ஐந்தில் கடைசி மூன்றுக்கும் பக்கம் பக்கமாக மூன்று பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒன்று போடவேண்டும். அவளோ முதல் பெட்டியில் இரண்டை அடைத்து, இரண்டாவதில் ஒன்றைப் போட்டு, மூன்றாவதைக் காலியாக விட்டிருந்தாள். செத்தும் நீ திருந்தவில்லை என்றுதான் முதலில் தோன்றியது.

உயர்தர வகுப்பில் நீ விடாமல் செய்த பிழை அது. ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் நசுங்கி வந்து நீ பதுளையில் இறங்கியதும் நம் சண்டை தொடங்கிவிடும். இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளும், காலிப் பெட்டி இருந்தால் தனித்தனியாகத்தான் போகும், ஆளுக்கொன்று ஆன பிறகுதான் சோடி சேரும் என்று தொண்டை வற்றச் சொல்வேன். நீ அசையமாட்டாய்.

"எங்க தோட்டத்து லயத்துல வந்து பாரு டி. அடுப்பு இருக்கிற காம்பராவுலதான் அத்தனை பேரும் படுப்போம். மத்தது ஒழுகும். தனியா போயி குளிர்ல கெடக்க அதுங்களுக்கு என்ன பைத்தியமா?"

பரீட்சையிலும் அப்படியே வரைந்துவிட்டு வந்து, மனசு கேட்கவில்லை என்றாய். தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு நீ கடையொன்றில் வேலை செய்த காலத்தில், காய்ச்சலோடு வேலைக்குப் போகாதே, ஆஸ்பத்திரிக்குப் போ என்று போனில் கத்தியபோதும் அதே பிடிவாதம்தான். சும்மா சளி, தடிமன் என்றாய். டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன்னை நினைத்தால் எனக்கு இன்னும் அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது.

இப்போது என் வீட்டிலும் உன் கட்சிதான். தெமோதரைப் பக்கம் லயத்தை விட்டுத் தனி வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு அறை. ஆனால் அத்தை, என் வீட்டுக்காரர், பிள்ளை, நான் எல்லோரும் குசினியை ஒட்டிய அறையில்தான் படுக்கை. விறகுப் புகை நேராக அங்கேதான் வரும். மகளுக்கு மூன்று வயது. மூச்சிழுப்பு வந்தால் உதடு நீலமாகிறது. புகையில் வைக்காதீர்கள் என்று டொக்டர் சொல்லி அனுப்பியும், அத்தை ஒரே பேச்சுதான் பேசுகிறார். "சூடா இருக்கிற எடத்த விட்டுட்டு புள்ளைய பனியில போட சொல்றியா?" என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டுவார்.

அந்த விடைத்தாளை வெறித்துப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. அந்த இலத்திரன் விதியின் தொடக்கத்தை நீ காதில் போட்டுக்கொண்டதே இல்லை. பெட்டிகள் சம சக்தியில் இருந்தால்தான் தனித்தனி. அடுத்த பெட்டி மேலே இருந்தால், ஏறிப் போகிற செலவுக்கு இலத்திரனும் கீழேயே இரண்டாக நெருங்கிக்கொள்ளும். நைதரசனிலேயே அந்த மூன்று பெட்டிகளுக்கும் கீழே உள்ளவை இரண்டிரண்டாக நிரம்பியது அதனால்தான். உன் அடுப்புக் காம்பராவும் ஒழுகுகிற காம்பராவும் ஒரே மட்டமா, சொல். நைதரசனின் மூன்றும் ஒரே மட்டம், மடச்சி.

வீட்டுக்குப் போனதும் அத்தையோடு வாதாடவில்லை. மற்ற அறையில் கூரைக்கும் சுவருக்கும் இடையில் காற்று நுழைந்த சந்துகளை வீட்டுக்காரரைக்கொண்டு பலகை அடித்து மறைத்தேன். நிலத்தில் சாக்கு விரித்து அதன்மேல் மெத்தை. யன்னலுக்குத் தடித்த துணி. அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், உதவவில்லை.

நேற்று அந்தி சாய்ந்ததும் அத்தையே உள்ளே வந்து சுவரோரம் கையை வைத்துப் பார்த்தார். பிறகு மகளைத் தூக்கிவந்து மெத்தையில் கிடத்தி, தன் பாயையும் பக்கத்தில் விரித்தார்.

"இங்கயும் அங்க மாதிரிதான் இருக்கு."

மகளுக்கு நேற்று இழுப்பு வரவில்லை. இன்று வருமோ என்று பயந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். இவ்வளவையும் உனக்கு விளக்கி, உன் வாயால் ஒரு தடவை "சரி டி" என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டாய். இப்போதெல்லாம் கரும்பலகையில் பெட்டி வரையும் முன்பே, இவை எந்த மட்டம் என்று வகுப்பைக் கேட்கிறேன். சரியான விடை உடனே வருகிறது. அதை எழுதாமல், உன்னைப்போல யாராவது எழுந்து மறுத்துப் பேசமாட்டார்களா என்று சோக்கட்டியோடு கொஞ்ச நேரம் நிற்கிறேன்.