அடுத்த அழைப்பு செவ்வாய்க்கிழமை

என் அன்புக்குரிய இஞ்சாருங்கோ,

நாற்பத்தாறு வருடம் பெயர் சொல்லாமல் கூப்பிட்டவளுக்கு இன்றும் வேறு விதமாக எழுத வரவில்லை. வெள்ளவத்தை வீட்டில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. உங்கள் கைபேசியின் சிம்மை நீங்கள் கண்மூடிய அன்றைக்கே மகள் கழற்றிவிட்டாள். கைபேசியை அணைத்து அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். திறப்பு என்னிடம்.

இணையத்தில் நெரிசல் வந்தால், கணினி எவ்வளவு பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும் என்பதே உங்கள் வாழ்நாள் ஆராய்ச்சி. காலி நகருக்குப் போகும் காலி வீதியின் வாகன நெரிசலைக் காட்டி எனக்கு விளங்கப்படுத்தினீர்கள்.

"பதில் வரேல்லையெண்டால் மற்ற ஆள் செத்துப்போச்செண்டு நினையாதையும். பாதையிலை நெரிசல். எல்லாரும் ஹோர்ன் அடிச்சால் ஒருத்தரும் போகேலாது. ஒவ்வொருக்காலும் இரண்டு மடங்கு பொறுக்கோணும்."

நான் பதில் தராவிட்டால் நீங்கள் எனக்கு மறுபடி தொலைபேசி எடுப்பதும் அதே கணக்கில்தான். ஒரு நிமிடம், இரண்டு, நாலு, எட்டு. "நீங்கள் மனுசனோ மெசினோ?" என்பேன். "மெசினெண்டால் உம்மட்டைப் பேச்சு வாங்காது" என்பீர்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கொட்டாஞ்சேனைக் கோயிலில் பூசை நடுவே, பங்குச் சுவாமி பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்க, பத்து இருபதுக்கு என் மடியிலிருந்த பைக்குள் கைபேசி அதிர்ந்தது. ஒரு நிமிடத்தில் மறுபடி. பிறகு இரண்டில், நாலில், எட்டில். நீங்கள்தான் என்று தெரியும். பூசையில் எழும்பக் கூடாதென்று பள்ளியில் கன்னியாஸ்திரிகள் பழக்கிய முதுகு அசையவில்லை. பதினாறாம் நிமிடத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கதிரையில் சாய்ந்திருந்தீர்கள், கைபேசி கையில். என்ன சொல்ல எடுத்தீர்கள்?

மறுநாள் பத்து இருபதுக்கு என் கைபேசியில் உங்கள் பெயர். அதிலிருந்து இரண்டு நாளில் மறுபடி. பிறகு நாலு நாளில், எட்டு நாளில். உங்கள் முப்பத்தோராம் நாள் பூசைக்கு மறுநாள் ஐந்தாவது. கணக்குப் பார்த்தேன், சரியாகப் பதினாறு நாள். பதில் பேச ஒருமுறையும் என் விரல் எழவில்லை.

"அம்மா, அந்த நம்பரை வேறை ஆருக்கோ குடுத்திட்டாங்கள். பிளொக் பண்ணுவம்" என்றாள் மகள்.

"செத்த மறுநாளேயோ, பிள்ளை?"

அவள் என்னிடம் திறப்பை வாங்கி அலுமாரியைத் திறந்தாள். கைபேசி அணைந்தபடிதான் கிடந்தது. தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏனம்மா இது சுடுது?"

பலமுறை பதில் கிடைக்காவிட்டால் அனுப்புகிறவர் கைவிட்டுவிடுவார் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒரே ஒரு பதில் போனால், மிச்சமெல்லாம் வந்து சேருமாம். அடுத்ததுதான் கடைசியோ?

ஐந்தாவதிலிருந்து முப்பத்திரண்டு நாள் எண்ணினேன். செவ்வாய்க்கிழமை. அதே பூசை நேரம். வீட்டிலேயே இருந்துவிடலாம். ஆனால் நீங்கள் கூப்பிட்டது அந்தக் கோயில் வாங்கில் உட்கார்ந்திருந்தவளை.

அதே வாங்கில் இருப்பேன், கைபேசியின் மணிச் சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்துக்கொண்டு. சனம் திரும்பிப் பார்க்கட்டும். சுவாமி பூசையை நிறுத்தட்டும். முதல் மணியிலேயே எழும்பி நின்று, "ஓம், சொல்லுங்கோ" என்பேன்.

அன்று எழும்பாதிருந்த
உங்கள் மனைவி