காத்திருப்பறையில் மாத்தே

அன்புள்ள அம்மாவுக்கு, சுனில்டா வணக்கத்துடன் எழுதுவது. உன் முட்டிவலி குறைந்ததா? எல்லை தாண்டி அர்ஜென்டினாவுக்கு வந்து, இந்த ரொசாரியோவில் நான் நன்றாக இருக்கிறேன், வயிறும்கூடப் படுசுத்தம்.

சிரிக்காதே. வயிற்றுக்கு நல்ல கிருமிப் பொடி கொடுத்தால் இளசுகளின் மனச்சோர்வு குறைகிறதா என்று பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நிஜப் பொடி, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று சொல்லமாட்டார்கள். நானும் சேர்ந்தேன். காத்திருப்பறையில் எங்கள் குழுவின் காண்டெலா, நம் பராகுவேயில் போலவே, மாத்தே இலைச்சாறு ஊற்றி ஒரே குவளையைச் சுற்றுக்கு விடுவாள். வாராவாரம் என் மனநிலை மதிப்பெண் ஏறியது.

சோதனையை நடத்தும் டாக்டர் பெல்லிசோ பூரித்துப்போய், "எப்பலேர்ந்தும்மா இந்த மாற்றம்?" என்றார்.

நன்றிப்பெருக்கில் உளறிவிட்டேன். "காத்திருக்கிற ரூம்ல காண்டெலா எனக்கும் மாத்தே குவளையை நீட்டினாளே, அன்னிலேர்ந்து டாக்டர். இந்த ஊர்ல என்னையும் வட்டத்துல சேர்த்துக்கிட்டது அவதான்."

"எல்லாரும் ஒரே குழல்லயா உறிஞ்சினீங்க?"

"மாத்தேன்னா வேற எப்படி டாக்டர்?"

அவர் பேனாவை வீசினார். "எச்சிலோட எச்சில் கலந்து என் சோதனையே நாசம்! உன் சந்தோஷத்தை வெச்சு நான் என்ன பண்றது? எனக்கு வேண்டியது உன் வயித்துல இருக்கற கிருமி."

எங்கள் குழுவையே அன்று சோதனையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார். எனக்குத் தந்தது வெறும் மாவு என்று போகிற போக்கில் சொன்னார்.

வாசலில் காண்டெலா கடைசியாக மாத்தே ஊற்றினாள். குவளை எல்லாரிடமும் போய் என்னைத் தாண்டியது. "பராகுவேக்காரிக்குக் குடுக்காதீங்க, அதையும் போய் டாக்டர்கிட்ட சொல்லுவா," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

கவலைப்படாதே, நன்றாகச் சாப்பிடுகிறேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. யாராவது பஸ்ஸில் வந்தால் கம்பளிக் காலுறையும் ஒரு மாத்தே குவளையும் கொடுத்துவிடு. சின்னதாகப் பார், ஒரு ஆளுக்குப் போதும்.

உன்
சுனில்டா