திரிக்லாவ் உச்சியில் வாங்கிய அடி

ஸ்டாரா ஃபுஜினா,
ஆகஸ்ட் 19

அன்பு மகள் பிரினாவுக்கு,

அப்பா நலம். முழங்கால் இரண்டும்தான் நலமில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன் என் மானம் போன கதையை நானே எழுதிவிடுகிறேன். யெர்னே மாமா முந்திக்கொண்டு உனக்குச் சொன்னால் இன்னும் கேவலம். திரிக்லாவ் மலையின் சின்ன உச்சிக்கு அப்பால் கத்திமுனை மாதிரி ஒரு பாறை வருமே, அதில் நான் நடக்கவில்லை. குதிரையில் உட்கார்ந்தவன் மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டு, இரும்புக் கம்பியைக் கட்டிப்பிடித்து, உட்கார்ந்தபடியே நகர்ந்தேன். எனக்குப் பின்னால் பெரிய கூட்டம் வழி கிடைக்காமல் நின்றது. பாதி தூரத்தில் கால்சட்டையின் பின்புறம் டர்ரென்று கிழிந்தது. உள்ளே என்ன நிறம் போட்டிருந்தேன் என்பது இப்போது பாதி நாட்டுக்குத் தெரியும்.

ஆமாம், ஏறிவிட்டேன். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி ஊர் சனத்தை அந்த மலையடியில் இறக்கிவிட்டவன். பல்பு மாட்ட ஏணி போட்டாலே உன் அம்மாவைக் கூப்பிட்டவன். நீ சின்னப் பெண்ணாக அவளோடு ஏறி இறங்கி வந்த அன்றைக்கு நான் கீழே பஸ்ஸில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். முதல் தடவை உச்சி தொடுகிறவனுக்கு 'ஞானஸ்நானம்' என்று கயிற்றால் அடி கொடுப்பார்களே, அதை வைத்து ஒவ்வொரு கோடையிலும் அவள் சொல்வது உனக்கே மனப்பாடம். "யோவ் வின்கோ, ஒருநாள் உன்னை மேல இழுத்துட்டுப் போவேன். கயித்தடிய நான்தான் குடுப்பேன். வேற எவனாவது கை வெச்சான்னா பாரு!"

பிப்ரவரியில் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்து, விடுதியில் துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாறும்போது, நான் பாதிரியாருக்குப் பஸ் கதை சொல்லிச் சிரிக்க வைத்தேன். நீ அதைப் பார்த்தாய். வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் நின்று கேட்டாய்: "அப்பா, உனக்கு ஒண்ணுமே தோணலையா?" மறுநாள் விமானம் ஏறிவிட்டாய். அதற்குப் பிறகு மெல்போர்னிலிருந்து உன் குரல் வரவில்லை. பண்டிகை வாழ்த்து மட்டும் வருகிறது.

உன் கேள்விக்குப் பதில் இன்றைக்கும் தெரியவில்லை, மகளே. அழுகை வரவில்லை. சூப்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்று குடித்த பிறகும் தெரிவதில்லை. ஜன்னல் பூச்செடிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். என்ன நிறத்தில் பூத்திருக்கிறது என்று யாராவது கேட்டால் எழுந்து போய்ப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

அதனால்தான் யெர்னே மாமா கூப்பிட்டதும் கிளம்பினேன் என்று நினைக்கிறேன். பயமாவது வரட்டும் என்று. வந்தது, ஆனால் காலோடு நின்றுவிட்டது. நெஞ்சுக்கு ஏறவில்லை.

உச்சியில் அடையாளமாக நிற்கும் சின்னத் தகரக் கோபுரத்தைச் சுற்றி நல்ல கூட்டம். லுப்லியானாவிலிருந்து வந்த மாணவர்கள், முதல் தடவை ஏறிய தோழியைக் குனிய வைத்துக் கயிற்றோடு நின்றார்கள். என் நரைத்த தலையைப் பார்த்ததும் ஒருவன் கயிற்றை என் கையில் திணித்தான். "தாத்தா, நீங்க எத்தனை தடவ ஏறியிருப்பீங்க! உங்க கையால ஆரம்பிச்சு வைங்க." நான் கயிற்றோடு முழித்தேன். யெர்னே மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அடப் போங்கப்பா, எங்க அத்தானுக்கே இன்னிக்குத்தான் ஞானஸ்நானம்!"

குனிந்திருந்த பெண் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்ப மூத்தவருக்குத்தான் முதல் அடி! குனிங்க தாத்தா." குனிந்தேன். பின்னாலிருந்து யாரோ, "ஐயா வசதியா ஜன்னலைத் திறந்தே வெச்சிருக்காரு!" என்றதும் மலையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாமாதான் அடித்தார். வழக்கப்படி மூன்று. ஆனால் கயிற்றைக் கையில் எடுத்ததும் அவருக்குத் தன் அக்கா ஞாபகம் வந்திருக்க வேண்டும். சட்டையில் ஒட்டிய மாவைத் தட்டுகிற மாதிரி தட்டினார். கடைசித் தட்டலுக்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள், பிளம் சாராயம் கொடுத்தார்கள். தொண்டையில் எரிந்ததா என்று கேட்காதே.

அந்தக் கயிற்றை மாணவர்களிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். கதவுக்குப் பின்னால், அம்மாவின் மழைச்சட்டை தொங்குகிற ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன். பனி விழுவதற்குள் ஒரு வாரம் வந்துவிட்டுப் போ. மாமா அடித்தது செல்லாது. நீ மலை ஏறியவள், உனக்கு உரிமை இருக்கிறது. உச்சிக்கெல்லாம் போக வேண்டாம், எனக்கு வேறு கால்சட்டை கிடையாது. நீ நின்று கேட்டாயே, அந்த அடுப்படியே போதும்.

கடவுள் உன்னைக் குளிரிலும் வெயிலிலும் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

ஒன்றே ஒன்று பாக்கி. அங்கே குனிந்திருந்தபோது ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள், சொல்லவில்லை.

வலிக்கிற மாதிரி அடிடா, யெர்னே.

உன் அப்பா,
வின்கோ