ரிவர்ஸ் கியரில் வந்த அக்கா

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் புதுக் காரோடு வந்து கடை முன் நின்றான். காரின் பின்பக்கம் ‘டர்போ’ என்று பளபளவென்று ஒரு பட்டை. “மாமா, டர்போன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுங்களா?” என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. குளிர்காற்று எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, உள்ளே போய் உட்காரச் சொன்னான். நீ இருந்திருந்தால் அவனை இறக்கி, பானட்டைத் திறக்க வைத்து, ஒரு மணி நேரம் பாடம் நடத்தி, அதில் முக்கால்வாசியைத் தப்பாகச் சொல்லியிருப்பாய்.

நீ சிலோனிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, குன்னூருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஃபாக்டரி ஃபிட்டராகச் சேர்ந்த வருடம்தான் நானும் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வந்து ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டேன். எனக்குக் குளிர் பழகவில்லை, உனக்கு மனிதர்கள் பழகவில்லை. முதல் நாளே என்னை ‘முதலாளி’ என்றாய். பெரிய மரியாதை என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். உங்கள் பக்கம் பெட்டிக்கடை வைத்திருப்பவரும் முதலாளிதான் என்று பிறகுதான் தெரிந்தது. சண்டை முற்றினாலும் அந்த மரியாதையை நீ விட்டதில்லை. “முதலாளி, நீங்க கொஞ்சம் வாய மூடுங்க” என்பாய்.

யாரோ ஒரு வெள்ளைக்காரத் தொரை ஊருக்குத் திரும்பும்போது தோட்டத்தில் விட்டுப்போன பழைய கார் அது. கோழிகள் அடைந்துகொண்டிருந்த அந்தக் காரைப் பார்த்து, “ஓட வெச்சீன்னா நீயே வெச்சுக்க” என்று மானேஜர் விளையாட்டாகச் சொல்லிவிட்டார். நீ ஓட வைத்தாய். ஆனால் சமதரையில் மட்டும்தான் ஓடியது. நீலகிரியில் சமதரைக்கு எங்கே போவது? ஃபாக்டரி முற்றத்தில் கொஞ்சம் இருந்தது. காரும் அங்கேயே சுற்றிச் சுற்றி ஓடியது.

அதற்குள் நீ சிலோனுக்குக் கடதாசி போட்டாயிற்று. அங்கே உன் அக்கா இருந்தது. அத்தானின் குடியுரிமைப் பேப்பர் உன்னுடையதற்கு வேறாகப் போனதால் அக்கா அங்கேயே நின்றுவிட, உன்னை மட்டும் ‘கோச்சி’ என்று நீ சொல்லும் ரயிலில் ஏற்றி அனுப்பிய கதையை நீ முழுதாகச் சொன்னதே இல்லை. பாதியில் ஸ்பேனரைத் தேட ஆரம்பித்துவிடுவாய். அத்தான் தவறிய பிறகு அக்காவுக்கும் இந்தியப் பேப்பர் கிடைத்தது. ஆனாலும் வரப் பயந்தது. தைரியம் சொல்ல நீ எழுதினாய்: எனக்குப் பங்களா இருக்கிறது, சொந்தக் கார் இருக்கிறது, மேட்டுப்பாளையத்தில் கோச்சியை விட்டு இறங்கி ஏறினால், உன் கால் தரையில் படாமல் என் வாசலில் இறக்குவேன்.

“பஸ்ஸுல கூட்டிட்டு வந்தா என்னப்பா? அக்கா கோவிச்சுக்குமா?” என்று கேட்டேன்.

“கோவிக்காது முதலாளி. அழும். அந்தக் கடதாசிய நம்பித்தானே கப்பலேறுது” என்றாய்.

ஒரு பொய்யை மெய்யாக்க மூன்று பேர் சேர்ந்தோம். நீ, நான், அரவேணு ஊர்ப் போஜண்ணன். போஜண்ணன் இந்த மலையின் படகர் இனத்தவர். உருளைக்கிழங்குக் காடும் ஓர் ஓட்டை ஜீப்பும் வைத்திருந்தார். காட்டை விட ஜீப்புக்குத்தான் அதிகம் பாடுபட்டார்.

டர்போ என்ற பெயர் அப்போது நம் மூவருக்குமே தெரியாது. அணைக்கட்டு வேலையில் உழைத்துத் தேய்ந்த மண் வாரும் எந்திரம் ஒன்று பழைய இரும்பாக என் கடைக்கு வந்தது. அதற்குள் இருந்தது அந்தச் சாமான். எஞ்சின் புகை வெளியேறும் வேகத்தில் உள்ளே ஒரு சக்கரம் சுற்றும், அந்தச் சுற்றில் இன்னொரு சக்கரம் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் என்று கண்டுபிடித்தாய். சுருண்ட வடிவத்தைப் பார்த்து அதற்கு ‘நத்தை’ என்று பெயரும் வைத்தாய். வேகம் வர நத்தையைக் கட்டிய ஆட்கள் உலகத்திலேயே நாம்தான்.

நத்தையைப் பொருத்திய அன்றே கார் இருமத் தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் வைத்தியம். பிளக் மாற்றினோம். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். போஜண்ணன், “காத்து சாஸ்தியாயிடுச்சு” என்றார். நான், “காத்துப் பத்தலீங்க” என்றேன். நீ இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு மூன்றாவதாக ஒன்றைக் கழற்றினாய். தேங்காய்கூட உடைத்தோம். கார் தேங்காய்க்கும் இருமியது.

கடைசியில் பார்த்தால், காலைக் குளிரில் எஞ்சின் பிடிக்காது என்று நீ காரை ஃபாக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையர் பக்கத்தில் கதகதப்பாக நிறுத்தி வைத்திருந்தாய். காற்று போகும் வாய்க்குத் தேயிலை சலிக்கும் கம்பி வலையையே வெட்டிக் கட்டியிருந்தாய். அங்கே பறக்கும் தேயிலைப் பஞ்சு முழுதையும் நத்தை உறிஞ்சி, வலை கம்பளி போல அடைத்துக் கிடந்தது. “ஆறு வாரமா எஞ்சினுக்கு டீ குடுத்துருக்கோமுங்க” என்றேன். நீ சிரிக்கவில்லை. கொஞ்சத்தை எடுத்து முகர்ந்து, “நல்ல கிரேடு” என்றாய்.

வலையைத் தட்டிப் போட்டதும் கார் சீறிக்கொண்டு மேட்டில் ஏறியது. ஏறிய வேகத்தில், நத்தையிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் டமாரென்று கழன்றது. குழாய் என் கடைச் சரக்கு. அதைச் சொல்லிக் காட்டாமல் நீ ஒரு வேளை சோறு தின்றதில்லை. போஜண்ணன் ஜீப் டியூபைக் கிழித்துக் கட்டுப் போட்டார். அதற்குள் அக்கா வரும் நாளும் வந்துவிட்டது.

இறக்கத்தில் கார் நம் மூவரோடும் ராஜா மாதிரி இறங்கியது. இறக்கத்தில் கட்டை வண்டியும் ராஜாதான். மேட்டுப்பாளையத்தில் அக்கா ஒரு தகரப் பெட்டியோடு நின்றது. நீ ஓடிப் போய்க் கார்க் கதவைத் திறந்து பிடித்தாய். அக்கா காரைப் பார்த்தது, உன்னைப் பார்த்தது, பெட்டியோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டது.

பர்லியார் வரை நத்தை மானத்தைக் காப்பாற்றியது. பழக்கடைகளைத் தாண்டிய முதல் மேட்டில் குழாய் வெடித்து, துண்டு துண்டாகச் சிதறியது. நத்தை இல்லாமல் கார் பழைய காராகிவிட்டது. மேடேற மறுத்தது. பலாப்பழம் விற்றவர்கள் முதல் பஸ்ஸுக்கு நின்றவர்கள் வரை வந்து ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாரும் கடைசியில் சொன்னது ஒன்றுதான். “அந்தம்மா எறங்கி நாலு எட்டு நடந்தா வண்டி ஏறிருமுங்க.”

அக்காவும் கதவைத் திறக்கக் கை வைத்தது. நீ பாய்ந்து போய்க் கதவைச் சாத்தினாய். “அக்கா, கால கீழ வைக்காத!” அந்தக் குரல் இன்றும் எனக்குக் கேட்கிறது. பிறகு என் பக்கம் திரும்பி, “முதலாளி, நீங்க எறங்குங்க” என்றாய். நானும் போஜண்ணனும் இறங்கினோம். அப்போதும் ஏறவில்லை.

போஜண்ணன்தான் தாடையைத் தேய்த்துக்கொண்டு சொன்னார். “எங்க காட்டு மேட்டுல மூட்டையோட ஜீப்பு நின்னா, நான் திருப்பி ரிவர்ஸுல ஏத்துவேன். அந்தக் கியருக்குத்தான் இழுவை சாஸ்தி.”

காரைத் திருப்பினாய். மூக்கு மேட்டுப்பாளையத்தைப் பார்க்க, பின்பக்கம் குன்னூரை நோக்கி ஏறத் தொடங்கியது. போஜண்ணன் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கல்லோடு பின்னால் நடந்தார். நான் ஜன்னலைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தேன். சில இடங்களில் கார் என்னை எட்டிப் பிடிக்க நான் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு வளைவில் மேலிருந்து பஸ் வந்து நின்றது. மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். பஸ் டிரைவர் நம் காரை மேலும் கீழும் பார்த்தார். “ஏனுங்க, நீங்க ஏறறீங்களா எறங்கறீங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல!”

“மூஞ்சப் பாக்காதீங்க, சக்கரத்தப் பாருங்க!” என்று கத்தினாய். பஸ் முழுக்கச் சிரிப்பு. ஆனாலும் அவர் ஒதுங்கி வழி விட்டார்.

அப்போதுதான் அக்கா வாய் திறந்தது. முன் கண்ணாடியில் தான் வந்த பாதையே தெரிந்துகொண்டிருந்ததால் பயந்துவிட்டது போலிருக்கிறது. “தம்பி, இங்கயும் நம்மள வேணாங்கிறாங்களா? திருப்பி அனுப்புறாங்களா?”

ரிவர்ஸில் ஓட்டுகிறவன் பின்னால் திரும்பித்தானே ஓட்ட வேண்டும்? அக்காவின் முகம் உனக்கு நேரே இருந்தது. தப்பிக்க வழியில்லை. ஸ்பேனரும் கையில் இல்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாய். “இல்லக்கா, மேலதான் போறோம். ஆனா பங்களா இல்ல, தோட்டத்து லயத்துல ஒரு காம்பிராதான், ஒத்த ரூமு. காரும் ஓடாத கார்தான். கடதாசில எழுதுனது பூரா பொய்யிக்கா.”

அக்கா முந்தானையால் உன் முகத்தைத் துடைத்தது. “வாசிச்சப்பவே தெரியும். பொய் எழுதுறப்ப மட்டுந்தான் ஒனக்கு எழுத்து அழகா வரும். நான் காருக்காகவா வந்தேன்? ரோட்டப் பாத்து ஓட்டு.”

நான் மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். பின்னால் போஜண்ணன் பலமாக மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

இருட்டுவதற்குள் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாய். அக்காவின் கால் வழியில் எங்கும் தரையில் படவில்லை. என் கால் கொப்பளித்துப் போனதை யாரும் கேட்கவில்லை.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. கார் எந்த இரும்புக் கடையில் கரைந்ததோ தெரியாது. நத்தை மட்டும் என் மேசை மேல், பில்கள் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது. சாகும்வரை நீ மாற்றிச் சொல்லவில்லை. “முதலாளி கடைக் குழாய் மட்டும் நல்லா இருந்திருந்தா, காத்தா ஏறியிருப்போம்.” நானும் பதிலுக்குப் பதில் கத்தியிருக்கிறேன். இப்போது எதிர்த்துக் கத்த ஆள் இல்லாமல் வாய் சும்மா கிடக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

அக்கா சந்தைக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வருகிறது. நேற்றும் வந்தது. நத்தையின் சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தது. “நல்ல காலம், அன்னைக்கி இது வேல செய்யல. செஞ்சிருந்தா மலை முச்சூடும் அவன் பொடனியத்தான் பாத்திருப்பேன். மொகத்தப் பாத்திருக்க மாட்டேன்” என்றது.

ஆகவே இதை எழுதுகிறேன். அன்று வெடித்த அந்த மட்டமான குழாய் என் கடைச் சரக்குதானப்பா. ஒத்துக்கொள்கிறேன். இனி யார் கேட்டாலும் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.