கருப்பு ஓரத்தில் மூன்று வெட்டு

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் கேமராவை நீங்கள் வெளிநாடு கிளம்பும் முன்பே விற்றுவிட்டீர்கள். லீவு நாளில் அதை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போவதாக அக்காவிடம் சொல்வது பொய். அது இங்கே, பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய கேமரா விற்கும் கடையில், கண்ணாடி அலமாரிக்குள் லென்ஸோடு உட்கார்ந்திருக்கிறது.

எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றவில்லை. அக்காவின் வலது கை விரல்கள் பாதிதான் மடங்குகின்றன. சீப்பை இடது கையில் பிடிக்கப் பழகிக்கொண்டாள். போனில் கேட்காமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். போனில் இந்தப் பேச்சை எடுத்தால் உங்களுக்கு லைன் சரியாகக் கேட்காது. காகிதத்துக்கு அந்த வியாதி இல்லை.

எங்கள் பேனர் கடையில் அடித்த பெயர்ப்பலகையைக் கொடுக்கத்தான் அந்தக் கடைக்குப் போனேன். இப்போது வசதியான வீட்டுப் பையன்கள் பிலிம் கேமரா கேட்டு வருகிறார்களாம். கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று போனில் படம் எடுத்துக்கொள்வார்களாம். கடைக்காரர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. 'பிலிம் போடத் தெரியாதவன் ரிப்பேர்னு திரும்பி வர மாட்டான் தம்பி, அவன்தான் நல்ல கஸ்டமர்' என்றார்.

கேமராவின் முதுகைத் திறந்து பார்த்தேன். பிலிம் வந்து நிற்கும் சட்டத்தின் ஓரத்தில் மூன்று வெட்டு இருந்தது. நீங்கள் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறையில் எல்லோருடைய பிலிமையும் ஒரே தொட்டியில் கழுவுவீர்கள். எது யாருடையது என்று பிறகு சண்டை வரும். அதனால் ஆளுக்கொரு மாதிரி அந்தச் சட்டத்தை அரத்தால் வெட்டிக்கொண்டீர்கள். உங்களுக்கு இரண்டு வெட்டு என்று முடிவு. அரம் வழுக்கி மூன்றாவது சாய்வாக விழுந்தது. அந்தக் கேமராவில் எடுத்த ஒவ்வொரு படத்தின் கருப்பு ஓரத்திலும் அந்த மூன்றும் பல் போலத் துருத்திக்கொண்டு நிற்கும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

தையல் கம்பெனித் தீ விபத்து விசாரணையில் கம்பெனி வக்கீல் சொன்னது இது. பின்கதவு திறந்தேதான் இருந்தது. லைன் லீடர் பதறிப்போய்ப் பெண்களைத் தீ இருந்த பக்கமே திருப்பிக் கூட்டிப்போனார். அத்தனை பேர் செத்ததற்கு அவர்தான் காரணம். லைன் லீடர் என்றால் உங்கள் மனைவி. பழுக்கக் காய்ந்த கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்து, கதவு அசையாததால் திரும்பியவள்.

விபத்துக்கு முந்தின நாள் அவளைக் கூட்டிவரப் போன நீங்கள், காத்திருந்த நேரத்தில் அந்தப் பின்கதவை வெளியிலிருந்து படம் எடுத்தீர்கள். சங்கிலி, பூட்டு, பக்கத்தில் அந்த வாரம் ஒட்டிய ஷிப்ட் நோட்டீஸ், எல்லாம் அதில் இருக்கிறது. ஓரம் வெட்டாமல் முழுதாகப் பிரிண்ட் போட்டு அக்காவிடம் கொடுத்திருந்தீர்கள். நம்மிடம் இருப்பது அந்த ஒரு பிரிண்ட்தான். அதைக் காட்டியதும் கம்பெனி வக்கீல் என்னைப் பார்த்தார். 'தம்பிக்காரன் பேனர் கடையில கம்ப்யூட்டர் முன்னாடிதான் உட்கார்ந்திருக்கான். நெனச்சா நிலாவுக்கே பூட்டு போடுவான்' என்றார். அறையில் சிரித்தார்கள். விசாரணை அதிகாரியும் சிரித்தார்.

நெகட்டிவ் உங்களிடம் இருந்தது. வீடு மாறும்போது நனைந்து கெட்டுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். இருட்டறைப் பொறுப்பாளராக இருந்து 'இருட்டு' என்றே பெயர் வாங்கிய உங்கள் நண்பரிடம் சொன்னேன். 'பிலிமைக் கழுவுறதே தண்ணியிலதான்டா. தண்ணிக்குச் செத்த பிலிமை நான் பார்த்ததே இல்ல' என்றார்.

நம் வக்கீலம்மா சொல்வது, அந்தக் கேமரா கைக்கு வந்தால் அதில் புதிதாக ஒரு படம் எடுத்து ஓரத்தோடு ஓரம் வைத்துக் காட்டலாம். கம்ப்யூட்டர் வேலை என்ற பேச்சு அதோடு நிற்கும். கடைக்காரர் கேட்கும் விலை என் சம்பளத்துக்கு வாய்விட்டுச் சொல்லக்கூடியது அல்ல. முதலில் அது வேலை செய்கிறதா என்று பார்க்கப்போகிறேன்.

பணிவுடன்,
உங்கள் மைத்துனன்

*

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

முந்தைய கடிதம் கிடைத்திருக்கும். அம்மாவுக்கு மருந்து மாற்றியிருக்கிறார்கள். அக்கா உங்களைப் பற்றி நல்லபடியாகவே பேசுகிறாள்.

என் போனைக் கடைக்காரரிடம் அடகு மாதிரி வைத்துவிட்டு, ஒரு ரோல் எடுத்துப் பார்க்கக் கேமராவை வாங்கினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெரு, சைக்கிள் ஸ்டாண்டு, எங்கள் முதலாளியின் தொப்பை என்று ரோல் முழுவதும் எடுத்தேன். பார்க்கும் சாளரத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நடுவில் இருக்கும் சிறு கட்டத்தில் இரண்டாகத் தெரியும் உருவம் ஒன்றாகும்வரை லென்ஸைத் திருப்ப வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே திருப்பினேன். கழுவிப் பார்த்தால் பிலிம் வெறும் கண்ணாடி. ஒரு படம் இல்லை. படம் விழாததால் ஓரமும் இல்லை, வெட்டும் இல்லை.

ஷட்டர் செத்துவிட்டது, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். 'நேத்து வரைக்கும் மூச்சு விட்டுட்டு இருந்துச்சு. உங்க கை பட்டதும் போயிடுச்சா?' என்று கடைக்காரர் கேட்டார். அன்று மாலை அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தேன்.

மறுநாள் இருட்டு அந்த பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, 'லென்ஸ் மூடியைக் கழட்டினியா?' என்று ஒரே கேள்விதான் கேட்டார். இந்த வகைக் கேமராவில் நாம் பார்ப்பது தனிச் சாளரம் வழியாக. லென்ஸ் மூடியிருந்தாலும் நமக்கு உலகம் நன்றாகத்தான் தெரியும். அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அவருடைய கல்யாணத்தில் நீங்களும் இதையேதான் செய்தீர்களாம். 'என் கல்யாணத்துக்கு ஆதாரமே கிடையாதுடா. சண்டை வந்தா அவ அதைத்தான் முதல்ல சொல்லுவா' என்றார்.

மறுபடி போனை வைத்துவிட்டுக் கேமராவை வாங்கி, இரண்டாவது ரோலை மூடியைப் பையில் போட்டுக்கொண்டு எடுத்தேன். கம்பெனியின் பின்பக்கச் சந்துக்கே போனேன். இப்போது புதுக் கதவு, தொட்டால் திறக்கிறது. மேலே பச்சையில் 'அவசர வழி' என்று பலகை. அந்தப் பலகையை அடித்தது நான்தான். கம்பெனி ஆர்டர், முதலாளி கொடுத்த வேலை. எழுத்து இன்னும் பெரிதாக இருக்கலாம் என்று திருத்தம்கூட அனுப்பினார்கள். வாட்ச்மேன் 'யார்ரா அது, எவன் அனுப்பினான்?' என்று கத்திக்கொண்டு வருவதற்குள் போதுமான அளவு எடுத்துவிட்டேன்.

பிரிண்ட் போட்டுப் பழைய படத்தின் பக்கத்தில் வைத்தோம். இரண்டு நேர் வெட்டு, ஒரு சாய்ந்த வெட்டு. அப்படியே பொருந்துகிறது.

இனி வாங்குவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. இருட்டு டார்ச் அடித்துப் பார்த்ததில் லென்ஸின் உள்ளே ஓரமாகப் பூஞ்சை இருக்கிறது, ஷட்டர் மெதுவாகிவிட்டது. 'படம் எடுக்கன்னா இந்த விலைக்கு வேண்டவே வேண்டாம்' என்கிறார். வக்கீலம்மா வேறொன்று சொன்னார். படம் நிஜம் என்பதைக் கேமரா காட்டும். அதை எடுத்தது யார், எந்த நாளில் என்பதை ஒரு மனிதன்தான் சொல்ல வேண்டும். அந்த மனிதன் சொல்லமாட்டான் என்றால் கேமராவுக்காகக் கடன் வாங்காதே என்றார்.

ஒரு டாக்டரின் மகன் அதைக் கேட்டு இரண்டு தடவை வந்து போயிருக்கிறான். மாதக் கடைசிவரை வைத்திருப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நீங்கள் சொல்வீர்களா என்று தெரிந்தால் வாங்குவேன். தெரியப்படுத்துங்கள்.

பணிவுடன்,
உங்கள் மைத்துனன்

*

அத்தானுக்கு,

பதில் வரவில்லை. அக்காவுக்கு மட்டும் போன் செய்தீர்கள். அங்கே குளிர் அதிகம், ஸ்வெட்டர் வாங்கியிருக்கிறீர்கள், சாப்பாடு பரவாயில்லை. நான் போனைக் கேட்டபோது லைன் போய்விட்டது.

கேமராவை வாங்கிவிட்டேன். டாக்டர் மகன் முகம் சுருங்கிப் போனான். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

பேனர் கடையில் மறைத்து வைத்திருந்தேன். முதலாளி வீட்டுக்கே வந்து, 'உன் தம்பி ஒரு ஓட்டைக் கேமராவைக் கட்டிக்கிட்டு அழுவுறான்மா' என்று அக்காவிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். கொண்டுவா என்றாள். கொண்டுபோனேன். இடது கையில் வாங்கி, வலது கையின் மடங்காத விரல்களால் தடவிப் பார்த்தாள். முதுகைத் திறக்கச் சொல்லி அந்த வெட்டுகளைப் பார்த்தாள். நீங்கள் அரத்தால் தேய்த்த நாளில் அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம், எனக்குத் தெரியாது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

'அவருக்குத் தெரியாம யாரோ எடுத்து வித்திருப்பாங்கடா. சொன்னா நான் வருத்தப்படுவேன்னு சொல்லாம இருந்திருப்பாரு' என்றாள். பிறகு, 'அவருக்கு எதையும் எழுதித் தொலைக்காத. நல்ல வேலையில இருக்காரு, கெடுத்துடாத' என்றாள். ஏற்கெனவே இரண்டு எழுதிவிட்டேன் என்று சொல்லவில்லை.

அந்த நல்ல வேலையை உங்களுக்கு வாங்கிக்கொடுத்தவர் கம்பெனி முதலாளியின் தங்கை கணவர். இந்த வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. நானும் பேசவில்லை, எழுதுகிறேன். வீட்டு வாடகையும் அம்மாவின் மருந்தும் உங்கள் பணத்தில்தான் நடக்கின்றன என்பதும் தெரியும். அதையும் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

செத்துப்போன பெண்களில் ஒருத்தியின் அம்மா நேற்று நம் தெருவுக்கு வந்தார். அக்காவைப் பார்த்து, 'நீ திருப்பிக் கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா என் பொண்ணு இருந்திருப்பா இல்லம்மா?' என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. அக்கா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்காமலே போய்விட்டார். அக்கா இன்று வாசல் பக்கமே வரவில்லை.

அடுத்த மாதம் விசாரணை முடிகிறது. நீங்கள் விமானம் ஏறி வர வேண்டாம். அங்கேயே ஒரு வக்கீல் முன்னால் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார் வக்கீலம்மா. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், குளிரில் வெளியே அலையாதீர்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அக்கா நினைக்கிறாள். அவளுக்காக நானும் அப்படியே நினைத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள், அத்தான். பூட்டியிருந்த அந்தக் கதவைப் படம் எடுத்தது நீங்கள்தான் என்று எழுதுங்கள்.

மைத்துனன்