வீடு மாறி வந்த பழத்தட்டு

லோதி ரோடு, டெல்லி,
ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி மதுவுக்கு அம்மா ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவுக்கு முட்டிவலி இந்த வாரம் தேவலை, நீயும் டொரண்டோ குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நடுவில் புகுந்து வாதாடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், தெரியும், மெதுவாகவே படி.

இருபது வருஷமாக நம் வீட்டில் வேலை செய்கிற தாயம்மாளை உன் ஸ்கூல் சிநேகிதன் ஷ்ரவண் சைக்கிளால் மோதித் தள்ளி இன்றோடு ஒன்பது நாள். மதராசி கேம்ப் குடிசைகளை இடித்ததிலிருந்து அவள் ஊர்க்கோடி நரேலாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். காலை ஆறரைக்கு இறங்கி, வெள்ளைக்கோட்டின் மேல்தான் ரோட்டைக் கடந்தாள், பால் வாங்கப் போன நான் எதிரே நின்று பார்த்தேன். இவன் சிவப்பு விளக்கைத் தாண்டிப் பறந்து வந்தான். இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறாள், இனிமேல் குனிந்து நிமிர்ந்து வேலை செய்வது சந்தேகம் என்கிறார் டாக்டர். போலீஸ்காரர் என்னடாவென்றால், சைக்கிள்தானே மாதாஜி, ஸ்கூட்டர் என்றால் நம்பர் உண்டு, இன்ஷூரன்ஸ் உண்டு, ஆபஸ் மே சமஜௌதா கர் லோ, உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்கிறார். இடுப்பு உடைய என்ஜின் வேண்டுமா என்ன? கீழ்வீட்டு ராஜசேகரன் சட்ட இலாகாவில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்தவர், பொதுவழியில் தாறுமாறாக எந்த வண்டியை ஓட்டினாலும் குற்றம்தான் என்றார். இன்ஷூரன்ஸ் இல்லாததால் நஷ்டஈட்டுக்கு ஓட்டினவனையே பிடிக்க வேண்டுமாம், அதற்குப் பார்த்தவள் வாயைத் திறக்க வேண்டுமாம்.

திங்கட்கிழமை ஷ்ரவணின் அம்மா மாதங்கி வந்தாள். வெற்றிலை பாக்கு, மாதுளை, ஆப்பிள், மேலே ஒரு ரவிக்கைத்துணி, தட்டு நிறைய, எனக்கு. மன்னிச்சுடுங்கோ மாமி, குழந்தைகள் ஒண்ணாப் படிச்சதுகள், நம்மவாளுக்குள்ள போலீஸ் எதுக்கு என்கிறாள். அடிபட்டவள் ஒருத்தி, மன்னிப்பு இன்னொருத்தியிடமா? தாயம்மாளும் தமிழ்தானே, அவள் நம்மவள் இல்லையா என்று கேட்டேன். தட்டைத் திருப்பிக் கையில் கொடுத்து ஆஸ்பத்திரி வார்டு நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை அங்கே ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அப்புறம் நீ. அவனுக்கு வேலை போய்விடும், பார்த்ததைச் சொல்லாதே அம்மா என்று போன் பண்ணினாயே. தாயம்மாள் கையால் ரொட்டி தின்று வளர்ந்தவன் நீ. அதே போனில் நீயேதான் சொன்னாய், அவன் அவளைப் பார்த்தானாம், பிரேக் பிடித்தால் அன்றைய சைக்கிள் பயிற்சியின் டைமிங் கெட்டுவிடும் என்று பெல்லை மட்டும் அடித்தானாம். வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் நான் கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ சொன்னதையும் எழுதினேன். இதைச் சொன்னது யார் என்று கேட்டார்கள், என் பிள்ளைதான் என்று உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

கோபத்தில் எழுதினாலும் என் ஆசீர்வாதத்தில் குறையில்லை, தீர்க்காயுசாக இரு. வெளியே போகும்போது காதை மூடிக்கொள். டெல்லியிலிருந்து தெரியாத நம்பர் வந்தால் எடு, அவன் உன்னிடம் சொன்னதை அப்படியே சொல்.

உன் அம்மா,
மங்களம்